சான்யுவான்லி, மே 1841: மழை, நெல்வயல், கலைக்கப்பட்ட கூட்டம்

எந்தச் சம்பவம், ஏன்

தென்சீனத்தில் குவாங்சௌ நகரத்துக்கு வடக்கே சான்யுவான்லி என்றொரு கிராமம் இருந்தது. இன்று அது நகரத்துக்குள் அடங்கிவிட்டது. மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. 1841 மே மாதக் கடைசியில் அந்த ஊரையும் சுற்றுவட்டாரக் கிராமங்களையும் சேர்ந்த விவசாயிகள், முதல் அபினிப் போருக்கு வந்திருந்த பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றார்கள். சீனாவில் இது மக்களின் வெற்றியாகக் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலேயர் எழுதிய போர்க்குறிப்புகளில் மழை நாளில் நேர்ந்த ஒரு சிறு மோதலாகத்தான் வருகிறது. இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, நடுவில் நடந்த ஒன்றின் எடையைக் குறைத்துவிட்டன என்று நினைக்கிறேன். அந்த விவசாயிகளைக் கடைசியில் கலைத்து வீட்டுக்கு அனுப்பியவர் அவர்களுடைய சொந்த அரசின் அதிகாரி. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

நமக்கு இதில் நேரடியான தொடர்பும் உண்டு. அன்று மழையில் வழிதவறிக் கூட்டத்தின் நடுவே சிக்கியவர்கள் மதராஸ் மாகாணப் படையின் 37ஆவது சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய்கள். மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என எல்லோரும் இருந்தார்கள். அபினிப் போர் நம் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். அங்கே நம் ஊர் ஆட்கள் நின்றார்கள் என்ற செய்தி அதில் வராது.

நிகழ்வின் மையத்தில் இருந்த விவசாயிகளையும் சிப்பாய்களையும் நகர அதிகாரியையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். மேலே இருந்து உத்தரவு போட்டவர்களின் பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி

பிரிட்டனுக்குத் தேயிலை வேண்டும். சீனாவுக்கோ பிரிட்டனின் சரக்கு எதுவும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. அந்த இடைவெளியை அடைத்தது அபினி. கிழக்கிந்தியக் கம்பெனி கங்கைச் சமவெளி விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிட வைத்தது. அந்த அபினி கல்கத்தாவில் ஏலம் போய், தனியார் கப்பல்களில் தென்சீனக் கரைக்குக் கள்ளத்தனமாகச் சென்றது. பதிலுக்குச் சீனாவிலிருந்து வெள்ளி வெளியேறியது.

வெள்ளி போனது பெருவணிகரின் கவலை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. சீன விவசாயி சந்தையில் வாங்குவதும் விற்பதும் செப்புக் காசில். வரி கணக்கிடப்படுவது வெள்ளியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தேல் (வெள்ளியை நிறுக்கும் சீன எடை) வெள்ளிக்குச் சுமார் 1,000 செப்புக் காசு கொடுத்தால் போதும். 1840களில் அது 2,000ஐ நெருங்கியது. அரசு வரியை உயர்த்தியதாக எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால் அதே வரியைக் கட்ட ஏறத்தாழ இரண்டு மடங்கு நெல்லை விற்க வேண்டியதாயிற்று. அபினியைக் கண்ணால் கூடப் பார்க்காத குடும்பமும் அபினிக்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

1839இல் பேரரசரின் சிறப்பு ஆணையராக வந்த லின் சேஷூ 20,000க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமென் கரையில் அழித்தார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை வந்தது. மதராஸின் 37ஆவது படைப்பிரிவும் அதில் புறப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் ஏறிய 'கோல்கொண்டா' என்ற கப்பல் 1840 செப்டம்பரில் சீனக் கடல் புயலில் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் கரை சேரவே இல்லை. மிச்சமிருந்தவர்கள்தான் 1841 ஜனவரியில் முத்து நதி முகத்துவாரக் கோட்டைகளைப் பிடித்த சண்டையிலும், பிறகு குவாங்சௌவிலும் இருந்தார்கள்.

ஜனவரி 26ஆம் தேதி ஹாங்காங் தீவில் பிரிட்டிஷ் கொடி ஏறியது. தாவோகுவாங் பேரரசர் எந்தச் சமரசத்துக்கும் ஒப்பவில்லை. தம் உறவினர் யீஷானைத் தளபதியாக்கிப் பல மாகாணங்களிலிருந்து படை திரட்டி அனுப்பினார். காக்க வந்த இந்தப் படைவீரர்களே குவாங்சௌவில் கொள்ளையடித்தார்கள். உள்ளூர் மக்களோடு அடிதடியில் இறங்கினார்கள். சான்யுவான்லி மக்கள் தங்கள் அரசின் படையை முதலில் பார்த்தது இந்தக் கோலத்தில்தான்.

மே 21 இரவு, நெருப்பு வைத்த தெப்பங்களை யீஷான் பிரிட்டிஷ் கப்பல்கள் மீது ஏவினார். அது பலிக்கவில்லை. மே 25 அன்று தளபதி ஹியூ கஃப் தலைமையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் நகரின் வடக்குக் குன்றுகளில் இருந்த நான்கு கோட்டைகளையும் பிடித்தார்கள். கோட்டைக்குக் கீழே நகர மதில். மதிலுக்குள் பல லட்சம் மக்கள்.

கஃப் நகருக்குள் நுழைய ஆயத்தமாக இருந்தார். தூதுப் பொறுப்பில் இருந்த எலியட் அவரைத் தடுத்தார். நகரம் எரிந்தால் வணிகமும் எரிந்துபோகும் என்பது எலியட்டின் கணக்கு. மே 27 அன்று உடன்பாடு ஏற்பட்டது: ஒரு வாரத்துக்குள் 60 லட்சம் வெள்ளி டாலர் தர வேண்டும், யீஷானின் படை நகரை விட்டுத் தொலைவுக்குப் போக வேண்டும். பணம் வந்து சேரும்வரை பிரிட்டிஷ் படை குன்றிலேயே இருக்கும். இந்தப் பேச்சுவார்த்தையைச் சீனத் தரப்பில் முன்னின்று நடத்தியவர் குவாங்சௌ மாவட்ட ஆட்சி அதிகாரி. இந்த நிகழ்வில் நாம் கண்ணை எடுக்கக் கூடாத மனிதர் அவர்.

மே 25 முதல் 29 வரை கவனிக்கப்பட்டவை

உடன்பாடு நகரத்துக்கானது. குன்றுகளுக்கு வடக்கே இருந்த கிராமங்களைப் பற்றி அதில் யாரும் யோசிக்கவில்லை.

அந்த நாள்களில் படையினர் ஆடு, மாடு, கோழி, அரிசி தேடிச் சிறு சிறு குழுக்களாக ஊர்களுக்குள் போனார்கள். சில இடங்களில் பணம் கொடுத்திருக்கலாம். பல இடங்களில் பறித்துக்கொண்டார்கள். அதைவிட ஆழமாகக் காயப்படுத்தியது வேறொன்று. அடக்கத்துக்காகக் காத்திருந்த சவப்பெட்டிகளும் கல்லறைகளும் திறந்து பார்க்கப்பட்டன. சீனர்கள் பிணத்தை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்ற வேடிக்கை ஆர்வம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. முன்னோருக்குச் செய்யும் கடனைக் குடும்பத்தின் முதல் கடமையாக வைத்திருக்கும் மக்களுக்கு முன்னால் இது நடந்தது. நம் ஊர் இடுகாட்டில் அந்நியர் வந்து குழியைத் தோண்டிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணினால் போதும்.

மே 29 அன்று சான்யுவான்லியில் காய்கறி பயிரிட்டு வந்த ஒருவரின் வீட்டுப் பெண்ணிடம் படையினர் சிலர் முறைகேடாக நடந்தார்கள் என்பது உள்ளூர் மரபு. ஊரார் திரண்டு வந்து அடித்து விரட்டினார்கள். படையினரில் சிலர் செத்தார்கள் என்றும் அந்த மரபு சொல்கிறது. பெண்கள் மீதான அத்துமீறல்கள் நடந்தன என்பதை அந்தக் காலச் சீனப் பதிவுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன.

இதையெல்லாம் தடுக்கக் கூடியவர்கள் மூன்று பேர். கஃபுக்குத் தம் ஆட்கள் ஊர்களுக்குள் போவது தெரியும். எலியட்டின் கவனம் பணத்தவணையில் இருந்தது. மாவட்ட அதிகாரி வெள்ளியை எண்ணிச் சேர்ப்பதில் இருந்தார். கிராமங்களுக்கு யாரும் போகவில்லை. போர்நிறுத்தம் என்று ஒன்று இருப்பதை அந்த மக்களிடம் போய் விளக்கியவரும் இல்லை.

கிராமங்கள் எடுத்த முடிவு

ஊருக்கு நடுவில் இருந்த சான்யுவான் கோயிலில் மக்கள் கூடினார்கள். கோயிலின் கருப்புக் கொடியை எடுத்தார்கள். கொடி முன்னே போனால் எல்லோரும் முன்னே, கொடி பின்வாங்கினால் எல்லோரும் பின்னே என்று உறுதி எடுத்தார்கள். சேகண்டி அடித்தால் அடுத்த ஊர் புறப்பட வேண்டும். மரபாகச் சொல்லப்படும் கணக்கில் 103 கிராமங்கள் இதில் சேர்ந்தன. நெசவாளர்களும் கல்லுடைக்கும் தொழிலாளர்களும் வந்தார்கள். தேர்வு எழுதிப் பட்டம் பெற்ற உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் வந்தார்கள். நிலம் வைத்திருப்பவரும் அதில் கூலிக்கு உழைப்பவரும் ஒரே கொடிக்குக் கீழே நிற்பது அடிக்கடி காணும் காட்சி அல்ல. இந்தச் சேர்க்கையின் பலமும் பலவீனமும் அதில்தான் இருந்தது.

அவர்களுடைய தீர்மானத்தை வெறும் ஆத்திரம் என்று தள்ளிவிட முடியாது. அரசின் படை தோற்றதையும், தோற்ற படையே கொள்ளையடித்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். தங்கள் வயலையும் கல்லறையையும் தாங்களே காத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மே 30

காலையிலேயே வெயில் கொளுத்தியது. குன்றிலிருந்து பார்த்த கஃப், வடக்கே ஆயிரக்கணக்கானோர் ஈட்டி, வாள், கேடயம், திரித் துப்பாக்கி, மண்வெட்டி ஆகியவற்றோடு திரள்வதைக் கண்டார். நகரப் பேச்சுவார்த்தை வெறும் நடிப்போ, பின்னாலிருந்து தாக்கப் போகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கலைத்துவிடலாம் என்று படையோடு இறங்கினார்.

கூட்டம் பின்வாங்கியது, படை நின்றதும் திரும்பி வந்தது. நியூலாங்காங் மேடு வரை இழுத்துச் செல்லத் திட்டம் போட்டிருந்தோம் என்கிறது சீனத் தரப்பு. துரத்தினோம் என்கிறது ஆங்கிலத் தரப்பு. கனத்த சீருடையில் நடந்த படையில் வெப்பம் தாங்காமல் ஆட்கள் விழுந்தார்கள். மேஜர் ஒருவர் வெயில் தாக்கியே இறந்தார்.

பிற்பகலில் இடியோடு மழை கொட்டியது. நெல்வயல்கள் நிரம்பி, வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் எங்கும் ஒரே தண்ணீராயிற்று. அந்த வரப்புகளில் பிறந்ததிலிருந்து நடந்தவர்களுக்கு வழி தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டி வெடிக்கும் துப்பாக்கிகளில் மருந்து நனைந்துபோனது. திரும்பிப் போக உத்தரவு வந்தது. பக்கத்து ரெஜிமெண்டோடு சேர்ந்துகொள்ள அனுப்பப்பட்ட மதராஸ் 37ஆவது படைப்பிரிவின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய 60 பேர், மழையில் மற்றவர்களைத் தவறவிட்டது.

அந்தச் சில மணி நேரத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர். கொக்கி வைத்த நீண்ட ஈட்டிகளால் ஆட்களை வரிசையிலிருந்து இழுக்கிறார்கள். சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி அந்த நீளத்துக்கு எட்டாது. ஒரு சிப்பாய் அங்கேயே விழுகிறார். கீழே விழுந்த துப்பாக்கி ஒன்றை எடுத்த ஒருவர், சற்றுத் தள்ளிப் போய், நிதானமாகப் புது மருந்து வைத்து இளம் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்துகிறார். அதுவரை அந்த வகைத் துப்பாக்கியைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லாத கை. கம்பெனி சதுரமாக நின்றுகொள்கிறது. மழை கொஞ்சம் விட்டபோது சிப்பாய்கள் தலைப்பாகையின் உள்பக்கத்து உலர்ந்த துணியால் துப்பாக்கிகளைத் துடைத்துச் சில குண்டுகள் சுடுகிறார்கள், கூட்டம் விலகுகிறது, மறுபடி மழை, மறுபடி ஈட்டி.

மாலை மங்கியபோது கஃப் இரண்டு கடற்படைக் காலாட்படைக் கம்பெனிகளைத் தேடி அனுப்பினார். அவர்களிடம் இருந்தவை கேப் வைத்து வெடிக்கும் புதிய துப்பாக்கிகள்; மழையிலும் சுடும். இருட்டில் சத்தத்தை வைத்துத் தேடி மதராஸ் கம்பெனியைக் கண்டுபிடித்தார்கள். கணக்கெடுத்தபோது ஒரு சிப்பாய் இறந்திருந்தார். ஓர் அதிகாரி உட்பட 15 பேருக்குக் காயம். சீனத் தரப்பு சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு.

நெல்வயலை நன்கு அறிந்த மனிதர்கள்தான் இரண்டு பக்கமும் அங்கே நின்றிருப்பார்கள். மதராஸ் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். சம்பளத்துக்காகக் கடல் கடந்து வந்து, தங்கள் வயலைப் போன்ற வயலில், அதைக் காக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் அன்று காட்டிய உறுதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களை அங்கே கொண்டு நிறுத்திய காரியம் அபினி என்பதையும் மறக்க முடியவில்லை.

மே 31: மாவட்ட அதிகாரியின் முடிவு

மறுநாள் கூட்டம் இன்னும் பெருகியது. பதினாயிரத்துக்கு மேல் என்று குன்றிலிருந்தவர்கள் மதிப்பிட்டார்கள். கொடிகள் குன்றைச் சூழ்ந்தன. கஃப் நகர அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார்: இவர்கள் கலையாவிட்டால் உடன்பாடு செல்லாது, நகரத்தின் மீது குண்டு விழும்.

மாவட்ட அதிகாரிக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கிராமங்களோடு நின்று உடன்பாட்டை உடைக்கலாம். எதுவும் செய்யாமல் இருக்கலாம். வெளியே போய்க் கூட்டத்தைக் கலைக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தார். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரும் கூட வந்தார்.

காரணங்கள் புரியாதவை அல்ல. மதிலுக்குள் பல லட்சம் பேர். 60 லட்சத்தில் பெரும்பகுதி ஏற்கனவே கைமாறியிருந்தது. சண்டை மூண்டால் பணமும் போகும், நகரமும் போகும். பீரங்கிகள் குன்றின் மேல் இருந்தன, ஈட்டிகள் கீழே. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் நகரத்தைக் காப்பதையே முதலில் நினைத்திருப்பேன்.

ஆனால் அவர் அதைச் செய்த விதம் வேறு. கூட்டத்தோடு அவர் பேசவில்லை. ஊர்ப் பெரியவர்களைத் தனியே பிடித்தார். அமைதி குலைந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும் என்று எச்சரித்தார். சொத்தும் பட்டமும் உள்ள அவர்களுக்கு அந்த எச்சரிக்கை போதுமானதாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். பெரியவர்கள் போனதைப் பார்த்த மற்றவர்களும் சாபமிட்டுக்கொண்டே கலைந்தார்கள். ஜூன் 1 அன்று பிரிட்டிஷ் படை குன்றிலிருந்து இறங்கிக் கப்பலேறியது.

அடுத்து நடந்தவை

நகரம் தப்பியது. அது உண்மையான பலன். அதைச் சிறிதாக்கக் கூடாது.

யீஷான் பேரரசருக்கு அனுப்பிய அறிக்கையில் தோல்வி இல்லை. அந்நியர் வணிகம் செய்ய அனுமதி கேட்டுக் கெஞ்சினார்கள் என்றும், கொடுத்த வெள்ளி வணிகர்கள் பட்டிருந்த கடன் என்றும் எழுதினார். பேரரசர் அதை நம்பினார். இதனால் பீஜிங்கில் யாருக்கும் எதையும் கற்றுக்கொள்ளத் தேவை ஏற்படவில்லை. மதராஸின் 37ஆவது படைப்பிரிவுக்குச் சீனப் போரில் நடந்துகொண்ட விதத்துக்காகக் கிரெனடியர் என்ற பட்டம் கிடைத்தது.

கிராமத்தில் பரவிய கதை வேறு: ஜெயிக்கும் நேரத்தில் அதிகாரி வந்து நம்மைக் காட்டிக்கொடுத்தார். ஜெயித்திருப்பார்களா என்றால், மழை நின்ற மறுநாள் பீரங்கிகளுக்கு முன்னால் கடினம் என்றே சொல்வேன். ஆனால் ஜனங்கள் நம்பியது இதைத்தான். பிறகு நடந்தவற்றை நடத்தியதும் இந்த நம்பிக்கைதான்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த அதிகாரி மாவட்டத் தேர்வை நடத்த வந்தார். தேர்வு எழுத வந்த இளைஞர்கள் மைக்கற்களை அவர் மீது எறிந்தார்கள். துரோகி நடத்தும் தேர்வை எழுத மாட்டோம் என்று கூச்சலிட்டார்கள். சீன ஆட்சி முறையில் தேர்வுக்கூடம்தான் அரசு தனக்கு ஆள் சேர்க்கும் இடம். மையைக் குழைக்கும் கல்லை அரசின் அதிகாரி மீது எறிவது எவ்வளவு பெரிய முறிவு என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் அறிவார்கள். அவர் பதவியை விட்டுப் போனார்.

ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஊர்க்காவல் படைகளின் தலைமையிடங்களாயின. கருப்புக் கொடி கோயிலுக்குள் திரும்பிப் போனாலும், ஊர்களைச் சேர்த்த கட்டமைப்பு கலையவில்லை. போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை 1842இல் ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்ட பிறகும், 1849இல்கூடக் குவாங்சௌ மதிலுக்குள் பிரிட்டிஷ்காரர்கள் நுழைய முடியாமல் போனதற்கு இந்தக் காவல் படைகளும் காரணம்.

பின்வந்த ஆண்டுகளில்

அந்நிய அழுத்தம் விவசாயக் கிளர்ச்சியாக மாறிய வழி இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஷாங்காய் துறைமுகம் திறந்ததும் தேயிலையும் பட்டும் அந்தப் பக்கம் போயின. குவாங்சௌவுக்குச் சரக்கைச் சுமந்து வந்த கூலிகளும் படகோட்டிகளும் பிழைப்பிழந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை கடற்கொள்ளையரை விரட்ட, அவர்கள் ஆற்று வழியே அண்டை மாகாணமான குவாங்சிக்குள் ஏறினார்கள். போருக்காகத் திரட்டப்பட்டுப் பின்னர் கலைக்கப்பட்ட ஆட்கள் ஆயுதத்தோடு ஊர் திரும்பினார்கள். வெள்ளியின் விலை இறங்கவில்லை.

குவாங்சௌவுக்கு வடக்கே இருந்த ஹுவா மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹொங் சியுச்சுவான், அந்த நகரத்துத் தேர்வில் பலமுறை தோற்றவர். கடைசியாகத் தோற்றது 1843இல். 1851 ஜனவரியில் குவாங்சியின் ஜின்டியான் கிராமத்தில் அவர் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சி 1853இல் நான்கிங்கைப் பிடித்தது, 1864இல் அடங்கியது. இறந்தவர்கள் இரண்டு கோடிக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. சான்யுவான்லியிலிருந்து தைப்பிங்குக்கு நேர்க்கோடு போட நான் துணிய மாட்டேன். ஹொங்கின் கனவுகளும் மதமும் வேறு ஊற்றிலிருந்து வந்தவை. ஆனால் அவர் பேச்சைக் கேட்கத் தயாராக நின்ற மக்கள், அரசு நம்மைக் காக்காது என்பதை ஏற்கனவே கண்டுகொண்டவர்கள்.

1854இல் செந்தலைப்பாகைக்காரர்கள் என்ற கிளர்ச்சியாளர்கள் குவாங்சௌவையே முற்றுகையிட்டார்கள். 1841இல் ஒரே கொடிக்குக் கீழே நின்ற சேர்க்கை இப்போது இரண்டாகப் பிளந்தது: ஊர்ப் பெரியவர்களின் காவல் படைகள் அரசின் பக்கம், ஏழைகளில் பலர் கிளர்ச்சியின் பக்கம். முற்றுகை உடைந்தபின் நகரின் கொலைக்களத்தில் பல்லாயிரம் பேரின் தலை விழுந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1857 டிசம்பரில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நகரத்தைப் பிடித்தன.

எது மாறியிருக்க வேண்டும்

மே 31 அன்று வேறு முடிவு எடுத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் அந்த அதிகாரியைத்தான் குறை சொல்கிறார்கள். நான் அந்த நாளைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அன்று அவரிடம் நல்ல வழி எதுவும் மிச்சமில்லை.

பிரிட்டிஷ் தரப்பில், பணம் வரும்வரை குன்றில் இருப்பது என்று முடிவு செய்தபோதே, ஊர்களுக்குள் யாரும் போகக் கூடாது என்ற தடை இருந்திருக்க வேண்டும். இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதை உடன்பாட்டிலேயே எழுதியிருக்கலாம், நகரம் கொடுத்திருக்கும். மழை வரும் வானத்துக்குக் கீழே நனையும் துப்பாக்கிகளோடு வயலுக்குள் இறங்கியது தளபதியின் பிழை. அதன் விலையைச் செலுத்தியவர்கள் மதராஸ் சிப்பாய்கள்.

பீஜிங்கின் பிழை, பொய் அறிக்கையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. உண்மை தெரிந்திருந்தால், போர் முடியும் முன்பே வெள்ளி வரிக்கு ஏதாவது தள்ளுபடி பற்றி யோசிக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

மாவட்ட அதிகாரியைப் பொறுத்தவரை நான் பார்க்கும் நாள் மே 28. உடன்பாடு கையெழுத்தாகி ஒரு நாள் ஆகியிருந்தது. கல்லறைகள் திறக்கப்பட்ட செய்தி பரவிக்கொண்டிருந்தது. கோயிலில் இன்னும் யாரும் கூடவில்லை. அன்றே அவர் வடக்கே போய், இந்த வெள்ளி எதற்காக, இவர்கள் எத்தனை நாளில் போவார்கள், அதுவரை உங்கள் வீட்டுக்கும் கல்லறைக்கும் நான் என்ன செய்யப் போகிறேன் என்று கூட்டத்தின் முன்னால் சொல்லியிருக்கலாம். குன்றுக்குப் போய்க் கஃபிடம் முறையிட்டிருக்கலாம்; மே 31 அன்று கஃபின் வார்த்தையை மக்களிடம் கொண்டு போனவர், மக்களின் வார்த்தையை மூன்று நாள் முன்பே கஃபிடம் கொண்டு போயிருக்கலாம். நகரின் வடக்கு மதிலிலிருந்து சான்யுவான்லி ஒரு மணி நேர நடைத் தொலைவு.